கையுறை இருக்கு, குழாய் எங்கே?

பல்லாவரத்தில் ஒரு பஜ்ஜி வண்டி. அண்ணன் கையுறை போட்டிருந்தார். அதே கையால காசு வாங்கினார், அதே கையால பஜ்ஜியும் கொடுத்தார். தப்புதான். ஆனா கையைக் கழுவ அவருக்குப் பக்கத்தில் குழாய் இல்லை.

2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள், தள்ளுவண்டியிலும் குடிக்கத் தகுந்த தண்ணீரைத்தான் பயன்படுத்தணும்னு சொல்கின்றன. அது எங்கிருந்து வரும்? 2024 டிசம்பரில் இதே பல்லாவரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்குன்னு பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிர்ப்பலியும் நடந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததா என்று பெரிய சர்ச்சை. வீட்டுக் குழாய்க்கே இந்தச் சந்தேகம்னா, வண்டிக்காரர் பிடித்து வைக்கும் குடத்துக்கு?

நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் கையுறை வெறும் வேஷம். சோதனைக்கு வரும் அதிகாரி அண்ணன் கையைப் பார்க்கட்டும். அதற்கு முன்னால் அந்தத் தெருவில் குழாய் இருக்கான்னு பார்க்கட்டும்.