உயரத்துக்கு அகலம் ஈடாகுமா?

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருக்கும் பலருக்கு, அது கம்பெனியிலிருந்து வந்த உயரம் போதுவதில்லை. டொயோட்டா டகோமாவை எடுத்துக்கொள்வோம். முன்பக்க ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றி, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கையும் தூக்கி, வண்டியை மூன்று அங்குலம் உயர்த்துகிறார்கள். பிறகு 31 அங்குல டயரின் இடத்தில் 33 அங்குல டயர் ஏறுகிறது. தொல்லை அங்கிருந்து தொடங்குகிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயரின் உள்விளிம்பு சஸ்பென்ஷனின் மேல்கையில் உரசும். இதற்கு மலிவான மருந்தாக வருவதுதான் வீல் ஸ்பேசர். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் அலுமினிய வட்டு அது. டகோமாக்காரர்களிடையே அதிகம் புழங்கும் அளவு ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர். சக்கரம் அவ்வளவு தூரம் வெளியே நகரும், உள்பக்க உரசல் நிற்கும், வண்டியும் கால் அகற்றி நிற்பதுபோல் தெரியும். நாலு புதுச் சக்கரம் வாங்குவதில் சிறு பங்கு செலவில் இத்தனையும் நடந்துவிடும்.

இதைப் பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, உரசலைத் தவிர்க்க. மற்றொன்று, உயர்த்தியதால் போன நிலைத்தன்மையை அகலத்தால் திரும்பப் பெற. முதல் காரணம் உண்மையானது. இரண்டாவது, உண்மையின் ஒரு துண்டை முழு உண்மையாக நம்பவைக்கிறது. நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 மாடல் வண்டிகளிலிருந்து கவிழும் அபாயத்தை மதிப்பிட ஓர் எளிய விகிதத்தைப் பயன்படுத்துகிறது. இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தட அகலத்தை, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் வருவது அது. எண் பெரிதாக இருந்தால் வண்டி எளிதில் கவிழாது. டகோமாவின் தட அகலம் ஏறத்தாழ 1600 மில்லிமீட்டர். ஈர்ப்பு மையம் 700 மில்லிமீட்டரில் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொண்டால் விகிதம் 1.14. மூன்று அங்குல லிஃப்ட் உடலைத் தூக்குமே தவிர அச்சையும் சக்கரத்தையும் தூக்காது என்பதால் மையம் சுமார் 60 மில்லிமீட்டர் ஏறும். பெரிய டயர் எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு 25 மில்லிமீட்டர் தூக்கும். விகிதம் 1.02-க்கு இறங்கிவிடும். இப்போது இருபக்கமும் 32 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் கிடைப்பது 1.06. இழந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது. முழுவதையும் மீட்கப் பக்கத்துக்கு 97 மில்லிமீட்டர் வேண்டும். கிட்டத்தட்ட நாலு அங்குலம். பொறுப்புள்ள எவரும் அந்தத் தடிமனில் ஸ்பேசர் போடமாட்டார்கள்.

அந்த மூன்றில் ஒரு பங்கு பயனில்லாதது என்று நான் சொல்லவில்லை. பக்கச் சரிவில் ஊர்ந்து போகும்போது அதை உணர முடியும். ஆனால் “அகலப்படுத்திவிட்டேன், இனிப் பழையபடி வளைவில் திருப்பலாம்” என்ற எண்ணம்தான் ஆளைக் கொல்லும். ஸ்பேசர் போட்ட பிறகும் அந்த வண்டி கம்பெனி வண்டியைவிட எளிதில் கவிழக்கூடியதே. கம்பெனியில் அளந்து வைத்த மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டுக்கும் இந்தப் புதிய உயரம் தெரியாது.

இனி எதிர்க்கட்சி. ஸ்பேசர் என்றாலே சக்கரம் கழன்று ஓடும், பேரிங் போய்விடும் என்று ஒரே வரியில் தள்ளிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. அவர்கள் சொல்வதும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. போர்ஷே நிறுவனமே 911-க்கு 5 மில்லிமீட்டர் ஸ்பேசரை விருப்பத் தேர்வாக விற்றிருக்கிறது. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள ஃபோர்டு எஃப்-350-இன் முன் ஹப்பில், சக்கரத்தை வெளியே நிறுத்தும் நீட்சித் துண்டு கம்பெனியிலிருந்தே வருகிறது. ஆக, இடையில் ஒரு துண்டு வைப்பதே குற்றமாகாது.

பேரிங் குற்றச்சாட்டையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நீர்க்குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதற்கும் நீட்டிய கையில் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கே நடப்பது. முன்சக்கரம் ஒன்றின் மேல் 650 கிலோ இருந்தால், 32 மில்லிமீட்டர் நகர்வு நின்ற நிலையிலேயே பேரிங்குக்குச் சுமார் 200 நியூட்டன் மீட்டர் கூடுதல் வளைவிசை தரும். பள்ளத்தில் விழும்போது அது பல மடங்காகும். இது உண்மையான சுமை. ஆனால் ஸ்பேசர் வேண்டாம் என்று ஆஃப்செட் (ஹப்பில் மாட்டும் முகம் சக்கரத்தின் நடுவிலிருந்து வெளியே தள்ளியிருக்கும் தூரம்) குறைந்த புதுச் சக்கரம் வாங்குகிறவரும் டயரை அதே தூரம் வெளியே நிறுத்தினால் அதே சுமையைத்தான் ஏற்றுகிறார். கனத்த 33 அங்குல டயரும் தன் பங்குக்குப் பேரிங்கை வாட்டுகிறது. பழி முழுவதையும் இந்த வட்டின் மேல் போடுவது நியாயமில்லை.

ஸ்டீயரிங்குக்கும் இதே நியாயம் பொருந்தும். மேல், கீழ் பால் ஜாயின்ட்டுகளை இணைக்கும் கோட்டை நீட்டினால் அது தரையில் ஓரிடத்தைத் தொடும். அங்கிருந்து டயரின் நடு எவ்வளவு வெளியே போகிறதோ, அவ்வளவுக்குக் குழியும் கல்லும் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். பெரிய டயர் அந்தக் கோடு தரை தொடும் இடத்தையும் ஐந்தாறு மில்லிமீட்டர் வெளியே தள்ளுவதால் ஸ்பேசரின் தீங்கில் சிறிது தானே கழிகிறது. மிச்சம் ஓட்டுநர் கைக்கு வரும். போதாக்குறைக்கு, வெளியே நகர்ந்த டயர் திரும்பும்போது பெரிய வட்டம் போடும். உள்ளே நின்ற உரசல் முன் பம்பரின் ஓரத்திலும் கேபினைத் தாங்கும் இரும்பிலும் புதிதாக முளைக்கும். டகோமாக்காரர்கள் அந்தக் கேபின் தாங்கியையே வெட்டிப் பற்றவைப்பது இதனால்தான். ஆகவே, உரசல் நிற்கும் மிகக் குறைந்த தடிமன் எதுவோ அதற்குமேல் ஒரு மில்லிமீட்டரும் போகக்கூடாது. தோற்றத்துக்காகத் தடிமனைக் கூட்டுவதை என்னால் ஒப்ப முடியவில்லை.

அப்படியானால் ஸ்பேசருக்கே உரிய தனிக் குறை எது? அது இணைப்பு. சக்கரத்தைத் தாங்குவது ஹப்பிலிருந்து நீளும் மரையுள்ள ஸ்டட்டுகள் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் நட்டுகள் இறுகும்போது ஸ்டட் ஸ்பிரிங் போல இழுபட்டு, சக்கரத்தின் முகத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வே சக்கரத்தை நகராமல் வைக்கிறது. 2023 வரை வந்த டகோமாவின் 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் நட்டை 113 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால், உலர்ந்த மரையில் ஒவ்வொன்றும் நாலரை டன்னுக்கு மேல் அழுத்தும். ஆறும் சேர்ந்தால் 28 டன் அளவுக்கு வரும். அந்த அழுத்தம் குறைந்தால் முகங்கள் நுண்ணளவில் வழுக்கும், ஸ்டட் முன்னும் பின்னும் வளையும், களைத்து ஒடியும். ஸ்பேசர் போட்ட சக்கரத்தில் இப்படிப்பட்ட இணைப்பு ஒன்றல்ல, இரண்டு. ஆஃப்செட் குறைந்த சக்கரம் இதைவிட மேல் என்று நான் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகவே.

செருகு ஸ்பேசர் எனப்படும் மெல்லிய வட்டில் ஆபத்து வேறு மாதிரி. பழைய ஸ்டட்டிலேயே சக்கரத்தை மாட்டுவதால் வட்டின் தடிமன் அளவுக்கு மரையின் பிடிப்பு குறைகிறது. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது நட்டு ஏற வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் மரை என்றால், கையால் எட்டுச் சுற்று. அது வரவில்லையென்றால் நீளமான ஸ்டட் அடிக்க வேண்டும், அல்லது வட்டை எடுத்துவிட வேண்டும். தனி ஸ்டட்டுகளோடு வரும் தடித்த ஸ்பேசருக்கு நட்டு புதைய இடம் தேவை. 25 மில்லிமீட்டருக்குக் கீழே அது கஷ்டம். அந்தத் தடிமனுக்கு வெளியே பழைய ஸ்டட்டின் முனை நீட்டிக்கொண்டிருந்தால், சக்கரத்தின் முதுகில் அதற்குக் குழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் முகத்தில் உட்காராமல் ஸ்டட் முனையில் உட்கார்ந்திருக்கும். நட்டு இறுகியதுபோலத் தோன்றும், ஆனால் இறுகியிருக்காது.

துளை வரிசை பொருந்தினால் போதும் என்று வாங்குவதும் தவறு. டகோமாவுக்கும் செவர்லே சில்வராடோ 1500-க்கும் ஆறு ஸ்டட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். ஆனால் 2023 வரை வந்த டகோமாவின் நடுத்துளை 106.1, சில்வராடோவுடையது 78.1. ஸ்டட்டும் ஒன்று 12, மற்றது 14 மில்லிமீட்டர். ஸ்பேசரின் நடுத்துளை ஹப்பை விளையாட்டின்றிக் கவ்வ வேண்டும், அதன் வெளியுதடு சக்கரத்தைக் கவ்வ வேண்டும். வார்ப்பு அலுமினியத்தைத் தொடாமல் 6061-டி6 போன்ற அலுமினியக் கலவையின் கெட்டிக் கட்டியிலிருந்து கடைந்ததையே வாங்க வேண்டும். விலை குறைத்துப் பெயரில்லாத துண்டை வாங்குகிற இடம் இதுவல்ல.

மாட்டும் வேலை பெரும்பாலும் சுத்தத்தில் இருக்கிறது. ஹப்பின் முகத்திலுள்ள துருவையும் ஸ்டட்டின் அடியில் சில வண்டிகளில் இருக்கும் தகட்டுக் கவ்விகளையும் எடுத்துவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். இடையில் சிக்கிய துருத்தூள் சில நூறு மைலில் பொடியாகி உதிரும், அழுத்தமும் அதோடு போகும். மரையில் எண்ணெய் பூசக்கூடாது; அதே முறுக்கில் ஸ்டட் அளவுக்கு மேல் இழுபடும். மரைப்பசை போடச் சொல்வது தயாரிப்பாளரின் குறிப்பில் இருந்தால் மட்டும் போடலாம். ஏர் கன்னை ஒதுக்கிவிட்டு டார்க் ரெஞ்சால், எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குவதுதான் முறை. மிச்சிகன், ஒஹையோ போன்று குளிர்காலச் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் அலுமினியமும் எஃகும் ஒட்டிக்கொண்டு வட்டு ஹப்பிலேயே இறுகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றித் துடைக்காவிட்டால் பிறகு சுத்தியல்தான்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆஸ்திரேலியாவில் கம்பெனியே போட்டது தவிர மற்ற ஸ்பேசர்களுக்குப் பொதுவாக இடமில்லை. ஜெர்மனியில் சோதனைச் சான்று உள்ளதைப் போட்டு, தேவையானால் வண்டிப் பதிவில் ஏற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவில் அது மாநிலத்தின் விருப்பம். பல இடங்களில் ஸ்பேசரைவிட மட்கார்டுக்கு வெளியே நீளும் டயரைத்தான் கவனிக்கிறார்கள். சோதித்த பொருளை அனுமதித்துச் சோதிக்காததைத் தடுக்கும் ஜெர்மன் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது.

மாட்டி 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் வெளியே தெரியும் ஆறு நட்டுகளை மட்டும் இறுக்கிவிட்டுத் திருப்தியடைகிறார்கள். ஸ்பேசரை ஹப்பில் பிடித்திருக்கும் உள் நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. சக்கரத்தைக் கழற்றினால்தான் ரெஞ்ச் அங்கே எட்டும். டயர் கடையில் சக்கரங்களை இடம் மாற்றும்போதும் அவற்றை யாரும் தொடுவதில்லை, உரிமையாளர் சொன்னால் ஒழிய. எனவே வண்டியை விடும்போதே உள்ளே ஸ்பேசர் இருப்பதைச் சொல்லி, சக்கரங்கள் கழன்றிருக்கும் நேரத்தில் இருபத்துநாலு உள் நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் பார்க்கச் சொல்ல வேண்டும். செய்ய மறுக்கும் கடையென்றால், வீட்டில் ஜாக்கி வைத்து உரிமையாளரே பார்த்துக்கொள்ளட்டும்.