இடம் மாறும் காயில்

மலேசியாவின் தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கீழே ஒழுங்காக ஓடிய கார், ரிங்லெட் ஏற்றத்தில் மிஸ் அடிக்கிறது, எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. பட்டறையில் ஸ்கேனரைச் செருகினால் பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ் என்ற கோட். இரண்டாவது சிலிண்டருக்குப் பொறி தரும் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டுவிட்டு, மூன்றாவதை இரண்டுக்குக் கொண்டுவருகிறார்கள். மறுபடி ஸ்கேன் செய்தால் பி0303. குறை காயிலோடு நகர்ந்துவிட்டது, ஆகவே காயில்தான் போய்விட்டது. கேமரன் மலையில் மட்டுமல்ல, சென்னை புதுப்பேட்டையிலும் இதுதான் முதல் வைத்தியம்.

இந்த முறையைப் பழிப்பது எளிது, ஆனால் நியாயமில்லை. 2005இல் வந்த மைவியின் நான்கு சிலிண்டர் வகை போன்ற கார்களில் சிலிண்டருக்கு ஒரு காயில், நான்கும் ஒரே அச்சு. சந்தேகப்படும் சாமானோடு ஒப்பிட மூன்று நல்ல சாமான்கள் வண்டியிலேயே இருக்கின்றன. தோட்டத்து லயத்திலிருந்து வருகிறவரை, ஈப்போவிலிருந்து புதுக் காயில் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்ல வேண்டியதில்லை. 10 மில்லிமீட்டர் சாவி போதும். மீட்டரில் ஓம் பார்ப்பதைவிட இது நம்பகமானது என்றே சொல்வேன். மேசைமேல் குளிர்ந்து கிடக்கும் காயில் நல்ல ஓம் காட்டும். சூடேறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கும்போதுதான் உள்ளே கசியும். பல புதுக் காயில்களுக்குள் டிரான்சிஸ்டரும் இருப்பதால் அந்த ஓம் கணக்குக்கே பொருளில்லை.

சிக்கல், வண்டியை எங்கே நிறுத்திச் சோதிக்கிறோம் என்பதில் தொடங்குகிறது. பட்டறைத் தரையில் ஐட்லில் நிற்கும் எஞ்சினுக்குள் அழுத்தம் குறைவு. சிறு பொறிக்குச் சிறு வோல்ட் போதும். ஏற்றத்தில் பெடலை அழுத்தும்போது சிலிண்டர் நிறையக் காற்றிழுத்து அமுக்குகிறது, பிளக் இடைவெளியைத் தாண்டப் பெரிய வோல்ட் வேண்டும். பலவீனமான காயில் அங்கேதான் கைவிடும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் இந்தச் சுமை சற்றே குறையவும் செய்கிறது. ஆகவே பிரிஞ்சாங் உச்சியைவிடத் தாப்பா அடிவாரத்து ஏற்றமே காயிலைக் கடுமையாகச் சோதிக்கும். நாம் என்னவோ மேலே கவிந்த பனிமூட்டத்தைத் திட்டுகிறோம்! (ஈரமும் ஒரு காரணந்தான், வால்வு மூடியின் கேஸ்கெட் கசிந்து பிளக் குழியில் தேங்கும் எண்ணெயும் அப்படியே.) ஐட்லில் மாற்றிப் போட்டு, ‘எல்லாம் சரி’ என்று அனுப்பும் பட்டறை, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவே இல்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் பி0302ஐயும் பி0352ஐயும் ஒன்றாகப் படிப்பது. முதலாவது, இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்கிறது. காயில், பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் எதுவும் காரணமாகலாம். மற்றது காயிலின் மின்சுற்றைச் சொல்கிறது. சுற்று என்றால் காயில் மட்டுமல்ல. மின் ஒயர், எர்த், கம்ப்யூட்டர் அனுப்பும் கட்டளை ஒயர், கனெக்டர், கடைசியில் கம்ப்யூட்டருமே. டொயோட்டா வகைக் காயில்களில் நான்காவதாக ஒரு பதில் ஒயர் உண்டு. ‘பொறி விட்டேன்’ என்று காயில் சொல்லும் வழி அது. நான்கு காயிலுக்கும் சேர்ந்து கோட் வந்தால், நான்கும் ஒரே நாளில் செத்திருக்க வாய்ப்பில்லை. நான்குக்கும் பொதுவாகப் போகும் ஒயர் எதுவோ அதைத் தேட வேண்டும். அங்கே மாற்றிப் போடுவது வீண் வேலை.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. காயிலைக் கழற்றும்போது கனெக்டரையும் பிடுங்குகிறோம். துரு ஏறிய முனை உரசித் துலங்குகிறது, தளர்ந்த கிளிப் அழுந்திப் பொருந்துகிறது. குறை மறைந்துவிடுகிறது. பெயர் காயிலுக்கு, பணமும் காயிலுக்கே. சில வாரம் கழித்து அதே ஏற்றத்தில் அதே மிஸ். எலி கடித்து ஒரே இழையில் தொங்கும் ஒயரில்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டும். அந்தக் கனெக்டரின் மின் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 21 வாட் பிரேக் பல்பு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அது கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். மங்கலாக எரிந்தால் ஒயரோ எர்த்தோதான். கட்டளை ஒயரில் மட்டும் அந்தப் பல்பை வைக்கக் கூடாது, கம்ப்யூட்டர் கருகும்.

கேமரன் மலையின் பழைய பெட்ரோல் லேண்ட் ரோவர்களில் ஒரே காயில், ஒரே டிஸ்ட்ரிபியூட்டர். தடித்த ஒயரை எஞ்சின் பிளாக் பக்கம் பிடித்து நீலப்பொறி பார்ப்பது அந்த வண்டிகளுக்குச் சரியான கலை. அதே கையோடு இன்றைய காயிலைத் திறந்தவெளியில் பொறி விடச் செய்வது சாமானையே கொல்லக்கூடும்.

என் கணக்கில், மாற்றிப் போடும் முறையின் பெரிய குறை, அது பாதியில் நின்றுவிடுவதுதான். குறை நகர்ந்தது தெரிந்ததும் காயில்களைப் பழையபடி அதனதன் இடத்தில் போட்டு, ஏற்றத்தில் மறுபடி ஓட்ட வேண்டும். குறையும் பழைய சிலிண்டருக்குத் திரும்பினால் மட்டுமே காயில் மீது பழி நிற்கும். திரும்பாவிட்டால் கனெக்டரைப் பார்க்கலாம். இதற்கும் விலை உண்டு: மிஸ் அடிக்கும்போது எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய் கேட்டலிஸ்ட்டைச் சுட்டுவிடும். ஆகவே அந்த ஓட்டம் ஒரு வளைவு, இரண்டு வளைவு, அவ்வளவுதான். அந்த நேரத்துக்கும் வாடிக்கையாளரிடம் கூலி கேட்கப் பட்டறைக்காரருக்கு உரிமை இருக்கிறது.