ஆப்பிளை எங்கே ஒளிப்பது?

ரேடியோ கன்ட்ரோல் டாங்கி வெச்சு விளையாடறவங்ககிட்ட "ஆப்பிள்" பத்திப் பேச்செடுத்துப் பாருங்க, முகம் சுளிப்பாங்க. 1/16 அளவுல ஒரு டைகரோ ஷெர்மனோ செஞ்சு, ரிவெட் ரிவெட்டா துரு ஏத்தி, சேறு பூசி முடிச்ச பிறகு, டரெட் உச்சியில ஒரு உருண்டையைக் கொண்டுபோய் நட்டுவைக்கணும். எதிராளியோட அகச்சிவப்பு ஒளியை வாங்கற சென்சார் அதுக்குள்ளதான் இருக்கு. இந்த அளவுல மூணு சென்டிமீட்டர் உயரமுள்ள எதுவுமே நிஜ டாங்கி மேல 48 சென்டிமீட்டர் நிக்கற மாதிரி. கமாண்டர் தலையில குடத்தைக் கவுத்த கணக்கு.

ஆட்டம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: ஜப்பான் டாமியா கம்பெனி முதல் ரேடியோ கன்ட்ரோல் டாங்கியை 1974ல கொண்டு வந்தது, அது ஒரு ஷெர்மன். சண்டை போடற வசதி பின்னாடி சேர்ந்தது. பீரங்கிப் பக்கம் இருந்து அகச்சிவப்புத் துடிப்பு கிளம்பும், எதிர் வண்டியோட ஆப்பிள் அதை வாங்கினா அடி விழுந்ததா கணக்கு. கனரக டாங்கி அதிக அடி தாங்கும், ஆனா அடுத்த குண்டு போட நேரம் எடுக்கும். இலகு ரகம் நேர் எதிர். நல்ல விதி.

இந்த ஆப்பிளை மறைக்கறதே இப்ப ஒரு தனிக் கலை ஆயிடுச்சு. கமாண்டர் மூடிக்குள்ள இறக்கறாங்க, தார்ப்பாய்ச் சுருளுக்குள்ள சொருகறாங்க, டரெட் பின்னாடி இருக்கற சாமான் கூடையில ஜெர்ரி கேனாட்ட வேஷம் போட்டு உக்கார வைக்கறாங்க. பார்க்க அழகு, மறுக்கலீங்க. எவ்வளவு கச்சிதமா மறைஞ்சிருக்குன்னுதான் பாராட்டறாங்க. மறைஞ்ச பிறகு அதுக்குக் கண்ணு தெரியுதான்னு யாரும் கேக்கறதில்ல. என் சண்டை அங்கதான்.

ஒளி நேர்கோட்டுல போறது. எதிராளி சென்சாரைப் பார்க்க முடியலைன்னா சென்சாரும் எதிராளியைப் பார்க்காது. பின்கூடை வேஷத்தையே எடுத்துக்குங்க. சுடும்போது டரெட்டோட முகம் எப்பவும் எதிரி பக்கம்தான் இருக்கும். அப்ப பின்கூடையில இருக்கற சென்சாருக்கு முன்னாடி மொத்த டரெட்டும் மதில் சுவரா நிக்குது. நேருக்கு நேர் மோதற அந்த நிமிஷத்துல நீங்க சுடலாம், உங்களைச் சுட முடியாது. கபடியில உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கிட்டு இறங்கற வேலை இது. அதைத் தடுக்க அங்க விதி இருக்கு.

"நிஜ டாங்கிக்கும் முன்பக்கக் கவசம்தானே தடிமன், பின்னாடிதானே பலவீனம்?"னு ஒரு பதில் வரும். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனா அந்தத் தடிமனுக்கு உண்டான பலனை கனரக வகுப்புங்கற விதி ஏற்கெனவே கொடுத்தாச்சு. ஒரே கவசத்துக்கு ரெண்டு தடவை கூலி வாங்கக் கூடாது.

ஆப்பிள் இருந்தா நிஜத்தன்மை போச்சுங்கற புலம்பலும் எனக்கு ஒப்பல. 1980கள்ல இருந்து அமெரிக்க ராணுவம் 'மைல்ஸ்'ங்கற லேசர் பயிற்சி முறையை வெச்சிருக்கு. அதுல நிஜ டாங்கியைச் சுத்தி சென்சார் பட்டைகளை வெளிப்படையா ஒட்டுவாங்க. அடி பட்டா மேல ஒரு விளக்கு பளிச் பளிச்னு எரியும். நம்ம பொம்மை ஆடறதும் அதே பயிற்சிச் சண்டைதான். அப்படிப் பார்த்தா தலையில சென்சார் வெச்ச டாங்கிதான் நிஜத்துக்குப் பக்கம்.

நிஜ டாங்கியும் ஒளியும், இல்லைன்னு சொல்லல. 1965 செப்டம்பர்ல, பஞ்சாப் அசல் உத்தர்ல, நம்ம செஞ்சூரியனும் ஷெர்மனும் கரும்புக்குள்ள காத்திருந்துதான் பேட்டன் டாங்கிகளை அடிச்சது. நம்ம பக்கம் கரும்புக் காட்டுல யானை நின்னாலே தெரியாது, டாங்கி எம்மாத்திரம். ஆனா அங்க மறைஞ்சது வண்டி. ஓட்டறவன் இடம் பார்த்து, நேரம் பார்த்து நிறுத்தினான். ஆட்டத்துலயும் மேடு, புதர், செங்கல் குவியல் எல்லாம் அதுக்குத்தான் இருக்கு. சென்சாரை வண்டிக்குள்ள புதைச்சுட்டா அந்தத் திறமைக்கு வேலையே இல்ல.

அப்ப குடத்தோடயே அலையணுமா? வேண்டியதில்ல. உயரத்தையும் சுத்துப் பார்வையையும் விட்டுக் கொடுக்காம உருவத்தை மட்டும் மாத்துங்க. கமாண்டர் மூடியைச் சுத்தியுள்ள பார்வைக் கண்ணாடி வளையத்தையே கறுப்பு பிளாஸ்டிக்ல செஞ்சு சென்சாருக்கு ஜன்னலாக்கலாம். அதுவும் ஏதோ ஒரு கறுப்பு போதாது. டிவி ரிமோட் முனையில இருக்கற மாதிரி, சாயம் ஏத்தின கறுப்பு வேணும், அது அகச்சிவப்பை விடும். கரி நிறமி கலந்த சாதாக் கறுப்பு பெயின்ட் விடாது. ரெண்டும் கண்ணுக்கு ஒண்ணுதான். பழைய கலர் பிலிம் சுருள்ல வெளிச்சம் பட்டுக் கழுவின கறுத்த நுனியும் விடும், கறுப்பு வெள்ளை பிலிம் விடாது, அதுல இருக்கறது வெள்ளி.

சோதிக்க ஆயிரக்கணக்குல செலவில்ல. நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் பசங்க ரோபோவுக்கு வாங்கற டி.எஸ்.ஓ.பி. 1738 போதும். 38 கிலோஹெர்ட்ஸ்ல துடிக்கற ஒளியைத்தான் அது கேக்கும், பெரும்பாலான டிவி ரிமோட்டும் அதே துடிப்புதான். ஒரு சின்ன எல்.இ.டி.யை அதோட கோர்த்து, மூடிக்குள்ள வெச்சு, டாங்கியை முக்காலி மேல நிறுத்துங்க. அஞ்சு மீட்டர் தள்ளி எட்டுத் திசையில இருந்தும் ரிமோட்டை அமுக்குங்க. எல்.இ.டி. மினுங்காத திசை உங்க திருட்டுத் திசை.

வெள்ளையடிச்ச ரூம்ல இதைச் செய்யாதீங்க. சுவர் ஒளியைத் திருப்பி அடிச்சு, குருட்டு சென்சாரும் பாஸ் ஆயிடும். சித்திரை மாச மொட்டை மாடியும் ஆகாது, வெயில்லயே அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கறதால சென்சார் திணறி தூரம் சுருங்கிடும். பொழுது சாஞ்சு, சுத்திச் சுவர் இல்லாத வாசல்தான் சரி. போட்டிக்கு முன்னாடி பார்க்கறதா இருந்தா, ரிமோட் எதிராளி கையில இருக்கட்டும்.