சுவரொட்டியில் இளம் வீரர்

விளையாட்டு வீரரின் உருவத்தைச் சுவரொட்டியாக ஆக்குதல் எளிய வேலை என்று கருதுவோர் பலர். நல்ல நிழற்படம் ஒன்று, வீரரின் பெயர், கழகத்தின் சின்னம், கண்ணைப் பறிக்கும் வண்ணம் ஆகியவை இருந்தால் போதும் என்பது அவர்தம் எண்ணம். ஆயினும் சுவரொட்டி அமர்ந்து படிக்கும் நூலன்று. வழிநடப்போர் ஒரு நொடியிற் கண்டு செல்வது. அந்த நொடியில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று துணிவதே இக்கலைக்கு உயிர்.

இதற்குச் சிறந்த சான்று, 1964 ஆம் ஆண்டின் தோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்திற்காக யூசாக்கு கமேகுரா என்னும் ஜப்பானியக் கலைஞர் அமைத்த சுவரொட்டி. ஓட்டக்காரர்கள் தொடக்கக் கோட்டிலிருந்து பாயும் காட்சி அது. 1962 ஆம் ஆண்டில், தோக்கியோ தேசிய விளையாட்டரங்கில், இருள் சூழ்ந்த பின் ஒசாமு ஹாயாசாக்கி அதனைப் படம் பிடித்தார். ஓடியவர்கள் ஜப்பானிய வீரர்களும், அங்குள்ள படைத்தளத்திலிருந்து வந்த அமெரிக்கர்களும் ஆவர். வேண்டிய தோற்றம் கிட்டும் வரை அவர்கள் முப்பது முறைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து ஓட வேண்டியதாயிற்று. வரைந்த உருவங்களே பெரிதும் ஆண்டு வந்த ஒலிம்பிக் சுவரொட்டியில் மெய்யான உடலின் முயற்சி இடம் பெற்றது இவ்வாறுதான்.

அச்சுவரொட்டியில் உள்ளவற்றைக் காட்டிலும் இல்லாதவையே எண்ணத்தக்கன. பார்வையாளர் கூட்டம் இல்லை, கொடி இல்லை, வெற்றிச் சிரிப்பு இல்லை. பின்னணி முழுதும் கருமை. அடியில் பொன்னிறத்தில் ஐந்து வளையங்கள், ஊரின் பெயர், ஆண்டு, அவ்வளவே. எஞ்சியது முறுக்கேறிய தசையும், முன்னோக்கிச் சாய்ந்த உடலுமே. அதே அரங்கில் 1964 இல் மலேசியாவின் மணி ஜெகதீசன் 200 மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதி வரை சென்றார். அத்தகைய ஓட்டக்காரர் ஒவ்வொருவரும் உடலால் அறிந்த கணம் ஒன்றையே கமேகுரா சுவரில் நிறுத்தினார்.

அப்படம் ஒரு கணத்தைக் காட்டுகிறதேயன்றி ஒரு மனிதரைக் காட்டவில்லை என்று குறை கூறலாம். அது மெய்யே. தனி ஒருவரைக் காட்டும் சுவரொட்டிக்கு வேறு வழி உண்டு. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானைக் கொண்டு நைக்கி நிறுவனம் 1989 இல் வெளியிட்ட ‘சிறகுகள்’ அத்தகையது. ஏறத்தாழ 6 அடி அகலமுள்ள அப்படத்தில் வீரர் குதிக்கவில்லை, பந்தை எறியவில்லை. கருப்பு வெள்ளையில், இரு கைகளையும் விரித்து நிற்கிறார். கைகளின் நீளம் முழுவதும் தெரிய வேண்டும் என்பதற்காகவே தாளும் நீண்டது. ஒருவரிடம் தனித்தன்மையாக உள்ளது எதுவோ, அதற்கேற்பத் தாளின் வடிவமே மாறியது ஈண்டு நோக்கற்பாலது.

இவ்விரண்டோடு இன்று பள்ளிகளும் கழகங்களும் தம் இளம் வீரர்க்கு வெளியிடும் சுவரொட்டிகள் பலவற்றை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பதினான்கு வயதுச் சிறுவனுக்குப் பின்னே புகை. தலைக்கு மேலே மின்னல். காலடியில் வெடித்த நிலம். கணினி அவன் முகத்திலுள்ள பருவையும் தழும்பையும் துடைத்துவிடுகிறது. தோளை அகலமாக்கி, தோலையும் வெளுப்பாக்கிவிடுகிறது. முகத்தை மாற்றி வேறொருவன் முகத்தைப் பொருத்தினும் அச்சுவரொட்டிக்கு எவ்விதக் குறையும் நேராது. அதுவே அதன் பெருங்குறை.

இக்குறை கலையோடு மட்டும் நிற்பதன்று. தன் உருவத்தை முதன்முதலாகச் சுவரிற் காணும் சிறுவனுக்கு அப்படம் ஒரு தீர்ப்பாகிறது. வெளுத்த தோலைக் கண்டு, தன் நிறம் காட்டத் தகாதது என்று கொள்வான். மின்னலைக் கண்டு, விடியற்காலைப் பயிற்சி ஒரு பொருட்டன்று என்று கொள்வான். பெருமை தேடித் தர முயன்றவர்களே அவனைச் சிறுமைப்படுத்தியவர் ஆகின்றனர்.

மெருகேற்றல் வேண்டா என்பது பொருளன்று. கண் முகத்தை விட்டு அகலாதபடி பின்னணியை அடக்குதல் மெருகு. பக்கவாட்டில் ஒளி வைத்துக் கழுத்தின் நரம்பும் நெற்றியின் வியர்வையும் துலங்கச் செய்தல் மெருகு. எழுத்தைக் குறைத்து, பெயரைத் தொலைவிலிருந்து படிக்குமாறு வைத்தல் மெருகு. இவை உள்ளதை விளக்குவன. முகத்தை மாற்றுவதோ உள்ளதை மறைப்பது. விளக்குவது எது, மறைப்பது எது என்னும் தெளிவு வேண்டும். படம் பிடிக்கும் முன்பு ஒரு நாள் மாலை திடலின் ஓரத்தில் நின்று, அச்சிறுவன் எவ்வாறு மூச்சு வாங்குகிறான், தோற்றபின் எவ்வாறு நிற்கிறான் என்று பார்த்தவர்க்கு அத்தெளிவு தானே வரும்.

கமேகுராவின் ஓட்டக்காரர்கள் அறுபது ஆண்டுகளைக் கடந்தும் பாய்ந்துகொண்டிருக்கின்றனர். அவர்களை வாழவைப்பது முப்பது முறைக்கு மேல் ஓடிய களைப்பேயன்றி வேறில்லை. இளம் வீரரைச் சுவரில் ஏற்றுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.