காரோட்டியின் குறிப்பேடு

எட்வர்ட் வெஸ்டனைப் பற்றி நம் வட்டத்தில் பேச்சு வரும்போதெல்லாம் 1930-ல் அவர் எடுத்த குடமிளகாய்ப் படம்தான் முதலில் வந்து நிற்கிறது. அந்தப் படத்தை ஒரு கர்ப்பக்கிரகம்போல் ஆக்கிவிட்டோம். பொருளின் சாரம், வடிவத்தின் தன்னிறைவு, பார்ப்பவன் மறைந்து பார்க்கப்படுவது மட்டும் எஞ்சுவது என்று அதன் முன்னால் நின்று சொல்லாத வார்த்தை கிடையாது. நம் விமர்சனத்துக்கு இந்தப் படம் ரொம்ப சௌகரியமானது. அதில் உலகம் கிடையாது. காற்று கிடையாது, தூசி கிடையாது, அதை யார் சந்தையில் வாங்கிவந்தார்கள் என்ற கேள்வியும் கிடையாது.

நான் பேச விரும்புவது வேறொரு வெஸ்டனைப் பற்றி. 1937-லும் 38-லும் ஒரு ஃபோர்டு காரையே வீடாகவும் பட்டறையாகவும் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் மேற்குப் பகுதி முழுக்க அலைந்த மனிதர். அந்த அலைச்சலிலிருந்து 1940-ல் ‘கலிஃபோர்னியாவும் மேற்கும்’ என்ற நூல் வந்தது. படங்கள் வெஸ்டனுடையவை. எழுத்து கேரிஸ் வில்சனுடையது. இப்புத்தகத்தைக் கையில் எடுப்பவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு எழுத்தைப் புரட்டித் தள்ளிவிடுவது வழக்கம். எழுத்துதான் நூலின் உயிருள்ள பாதி என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சில விவரங்கள். 1937-ல் குக்கன்ஹைம் மான்யம் வெஸ்டனுக்குக் கிடைத்தது. அதுவரை எந்தப் புகைப்படக்காரருக்கும் அது கிடைத்ததில்லை. தொகை 2,000 டாலர். வெஸ்டன் முதலில் அனுப்பிய விண்ணப்பம் மிகச் சுருக்கமானது. அது போதாது என்று தோன்ற, விரிவான விண்ணப்பத்தை எழுதியவர் கேரிஸ். அப்போது அவருக்கு வயது 23, வெஸ்டனுக்கு 51. புதிய ஃபோர்டு வி-8 வாங்கினார்கள். வெஸ்டனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. முழு தூரத்தையும் ஓட்டியவர் கேரிஸ். தெற்குக் கலிஃபோர்னிய மோட்டார் சங்கத்தின் பத்திரிகையான ‘வெஸ்ட்வேஸ்’ மாதம் எட்டுப் பத்துப் படங்களுக்கு 50 டாலர் தர ஒப்புக்கொண்டது. படக்குறிப்புகள் எழுத கேரிஸுக்கு 15 டாலர். மனிதச் சுவடே படாததுபோல் தெரியும் அந்தப் பாலைவனங்கள் முதலில் அச்சேறியது கார் வைத்திருப்பவர்களின் சங்கப் பத்திரிகையில் என்பதை நம் ‘தூய தரிசன’க் கோஷ்டியினர் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

கேரிஸ் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். எங்கே புறப்பட்டோம், எங்கே நின்றோம், எத்தனை மைல், எத்தனை நெகடிவ். முதல் பன்னிரண்டு மாதத்துக்கு அவர் போட்ட கணக்கு: 17 பயணங்கள், 16,697 மைல்கள், 1,260 நெகடிவ்கள். நான் வங்கியில் குமாஸ்தா. எண்களைப் பார்த்தால் வகுக்காமல் இருக்க முடியாது. ஒரு நெகடிவுக்குப் பதின்மூன்று மைல் சொச்சம். மான்யத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு நெகடிவுக்கு ஒன்றரை டாலரைச் சற்றுத் தாண்டும். பெட்ரோல், டயர், ஃபிலிம், அரிசி பருப்புக்குச் சமமான அவர்கள் ஊர்ச் சாமான்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே விடுதியில் தங்காமல் கூடாரம் அடித்தார்கள். தாங்களே சமைத்துக்கொண்டார்கள். இந்த எண்ணை வைத்துக்கொண்டு படங்களைப் பார்க்கிறபோது ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு பதின்மூன்று மைல் இருக்கிறது. அந்தப் பதின்மூன்று மைலும் படத்தில் இல்லை.

கருவி லேசானதல்ல. எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் தகடு போடும் பெட்டிக் கேமரா, முக்காலி, கறுப்புத் துணி. காரை நிறுத்தி, இறங்கி, முக்காலியை ஊன்றி, துணிக்குள் தலையை விட்டு, பால்கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் மலையைப் பார்த்துக் கூர்மைப்படுத்த வேண்டும். காற்று அடித்தால் இலை அசையும். நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். ஃபிலிம் செருகும் சட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டே தகடுதான். தீர்ந்தால் முழு இருட்டில், கையால் தடவித்தான் மாற்ற வேண்டும். பாலைவனத்தில் இந்த வேலையை யோசித்துப் பாருங்கள். ஒரு தூசி ஃபிலிம்மேல் உட்கார்ந்துவிட்டால் அந்த இடத்தில் ஒளி படாது, நெகடிவில் வெறுமை, அச்சில், சுத்தமான வானத்தில், ஒரு கறுப்புப் புள்ளி. வெஸ்டன் பெரிதாக்குபவர் அல்ல. நெகடிவின் மேல் காகிதத்தை ஒட்டவைத்து அதே அளவில் அச்சிடுபவர். ஓரத்தை வெட்டிச் சரிபண்ணிக்கொள்வதும் அவர் வழக்கமல்ல. ஆகவே பகலில் மலைமுன்னால் எடுத்த முடிவு எத்தனை முக்கியமோ அத்தனை முக்கியம் ராத்திரியில் இருட்டில் ஃபிலிமைத் தடவிய கையும்.

வண்டியில் வீடு வைத்துக்கொண்டு இயற்கையைப் படமெடுப்பவர்கள் இன்றைக்கு நிறையப் பேர். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் உள்ள மோட்டார் ஹோமில் வாழ்கிறார்கள். (நம்மூரில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரம் ஷாட்டுக்கு நடுவே இளைப்பாறும் இடம். அது வேறு அத்தியாயம்.) ஆனால் இந்த வம்சம் மோட்டாருக்கும் முந்தியது. 1867-ல் க்ளாரென்ஸ் கிங்கின் நில ஆய்வுக் குழுவோடு நெவாடாவுக்குப் போன டிமதி ஓசல்லிவன் கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியை இருட்டறையாக்கிக்கொண்டார். அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, கழுவியும் முடித்துவிட வேண்டும். வண்டி பக்கத்தில் இல்லாவிட்டால் படமே இல்லை. கார்சன் பாலைவன மணல்மேடுகளை எடுத்த அவர் படத்தில் அந்த வண்டியே நிற்கிறது. வண்டியிலிருந்து கேமராவை நோக்கி வரும் காலடித் தடங்களும் மணலில் பதிந்திருக்கின்றன. படம் எப்படி எடுக்கப்பட்டது என்பது படத்துக்குள்ளேயே கிடக்கிறது. இதை நான் வெஸ்டனின் எந்த மணல்மேட்டைவிடவும் மேலான படமாகக் கருதுகிறேன். என்னோடு சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

வெஸ்டன் படங்களில் தடங்கள் இல்லை. அவை கேரிஸின் எழுத்தில் இருக்கின்றன.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ‘கேரிஸ், எடிஸா ஏரி, 1937’. ஆன்ஸல் ஆடம்ஸோடு சியரா மலைகளின் உயரத்துக்குப் போனபோது எடுத்தது. பாறையின் முன் ஒரு பெண். காலில் பூட்ஸ், கால்சராய், விரித்து மடக்கிய முழங்கால்கள், முழங்கால்களின் நடுவே கோத்த கைகள், தலையைச் சுற்றித் துணி. அந்தத் துணியையும் உட்கார்ந்த விதத்தையும் வைத்து எத்தனை கட்டுரைகள்! காமம், மோனம், பூமித்தாய், பாலைவனத்துப் பெண். துணி சுற்றியது கொசுவுக்காக. அந்த மலையில் கொசு மொய்த்தது. உட்கார்ந்திருந்தவர் களைத்துப்போயிருந்தார். தன் முகத்தில் மற்றவர்கள் கண்ட காமம் தனக்குக் களைப்பாகவே தெரிந்தது என்ற பொருளில் அவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

இது தெரிந்தபின் படம் சுருங்கிவிடுகிறதா? எனக்கு விரிகிறது. பெண்ணைக் குறியீடாக்கிய பார்வை விலகி, மலையேறி அலுத்த ஒரு மனுஷியின் நேர்ப்பார்வை தெரிகிறது. கேமராவின் மறுபக்கம் நிற்பவனைப் பார்த்து ‘எடுத்தாயிற்றா?’ என்று கேட்பதுபோல. படைப்பு தன்னளவில் முழுமை, ஆசிரியனின் உத்தேசம் பொருட்டல்ல என்று விம்ஸட்டும் பியர்ட்ஸ்லியும் 1946-ல் எழுதியதைக் கல்லூரியில் நான் மனப்பாடம் செய்தவன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன். ஆசிரியனின் உத்தேசத்தை விட்டுவிடச் சொன்னார்கள், சரி. படத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளின் கொசுக்கடியை விட்டுவிட எனக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

இதைவிடக் கனமான இடம் ஒன்று உண்டு. 1937-ல் கொலராடோ பாலைவனத்தில் அவர்கள் ஓர் இறந்த மனிதனைக் கண்டார்கள். வெஸ்டன் படமெடுத்தார். மண்ணில் கிடக்கும் முகம். அவர் பாறையை, வேரை, செத்த பறவையை எடுக்கும் அதே கவனம், அதே துல்லியம். இந்தப் படத்தை நான் நேசிக்கவில்லை, தள்ளவும் முடியவில்லை. அது பிரேதமாகவும் இருக்கிறது, வெஸ்டனின் இன்னொரு ‘வடிவ’மாகவும் இருக்கிறது. அந்த ஆள் ஏன் அங்கே வந்தான், எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று படம் கேட்பதில்லை. அந்த வருஷங்களில் வறட்சியாலும் கடனாலும் நிலத்தை இழந்து, தட்டுமுட்டுச் சாமான்களைக் காரில் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு வந்து குவிந்தவர்கள் ஏராளம். அவர்களும் காரில் வாழ்ந்தார்கள், கூடாரத்தில் படுத்தார்கள், திறந்த வெளியில் சமைத்தார்கள். 1936-ல் நிப்போமோவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரதியா லாங் எடுத்த தாயின் படத்தை அறியாதவர் இல்லை. அதே மாகாணம். ஒரே வாழ்க்கைமுறை ஒருவருக்குக் கலைஞனின் சுதந்திரம்; இன்னொருவருக்கு வேறு வழியில்லை. உலகம் சிதறிக்கொண்டிருக்கையில் ஆடம்ஸும் வெஸ்டனும் பாறைகளைப் படம்பிடிக்கிறார்கள் என்று கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். நம் இடதுசாரி நண்பர்களுக்கு இந்த வாசகம் கல்கண்டு. நான் அதை முழுக்க ஏற்கவில்லை. பாறையைப் பார்ப்பது குற்றமல்ல. ஆனால் பாலைவனத்தில் மனிதன் செத்துக்கிடக்கிறான் என்ற செய்தியைப் பாறை மொழியிலேயே சொல்லிவிட முடியும் என்று நம்புவதில் ஒரு கோளாறு இருக்கிறது. அங்கே வாக்கியம் தேவைப்படுகிறது.

சாலை வெஸ்டனையே மாற்றியது என்பதும் உண்மை. குடமிளகாய் அறைக்குள் அடங்கிய பொருள். திருப்பி வைக்கலாம், நாளைக்கும் எடுக்கலாம். சாலையில் அது நடக்காது. வெளிச்சம் போய்விடும், பட்ஜெட் போய்விடும், ஓட்டுகிறவருக்கும் தூக்கம் வரும். அடிவானம், மேகம், கைவிட்ட கட்டிடம், விளம்பரப் பலகை எல்லாம் சட்டத்துக்குள் புகுந்துவிடுகின்றன. மொஹாவி பாலைவனத்தில் 1937-ல் எடுத்த ‘சூடான காப்பி’ படத்தைப் பாருங்கள். ஒரு மனித ஜீவனும் இல்லாத வெட்டவெளியில் கோப்பை வடிவில் ஒரு பலகை, சூடான காப்பி என்று. வெஸ்டனிடம் சிரிப்பு கொஞ்சம் அபூர்வம். இந்தச் சிரிப்பின் ஜாடை கேரிஸின் உரைநடையில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. இந்தப் பலகையை முதலில் பார்த்துப் பிரேக்கை அழுத்தியது எந்தக் கால் என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு. இது ஊகம்தான். ஆனால் விமர்சகனுக்கு ஊகிக்க உரிமை உண்டு.

இன்னொரு விஷயம். வெஸ்டன் பல வருஷம் தீவிரமாக நாட்குறிப்பு எழுதியவர். மெக்ஸிகோ நாட்கள், பணமுடை, பெண்கள், விடிகாலைக் காப்பி, கலைபற்றிய கர்ஜனை எல்லாம் அதில் உண்டு. பின்னால் நான்ஸி நியூஹால் பதிப்பித்தார். அந்த நாட்குறிப்பு ஏறக்குறைய 1934-ல் நின்றுபோகிறது. கேரிஸ் அவர் வாழ்க்கையில் வந்த வருஷம் அது. சந்தோஷம் வந்ததால் எழுத்து நின்றது என்று காதல் ததும்பச் சொல்பவர்கள் உண்டு. எழுதுகிற வேலை கை மாறியது என்று நான் சொல்வேன். மான்ய விண்ணப்பம், படக்குறிப்பு, பயணக் கணக்கு, புத்தகம் எல்லாம் கேரிஸ். வெஸ்டன் பெயரில் புகைப்படப் பத்திரிகைகளில் வந்த கட்டுரைகள் பலவற்றை எழுதியதும் அவரே. ‘வெஸ்டனின் அழகியல்’ என்று நாம் அடிக்கோடிட்டுப் படித்த வரிகளில் எத்தனை அந்தக் காரோட்டியின் வாக்கியங்கள் என்று யாராவது உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். நம் சிறுபத்திரிகை உலகிலும் மெய்ப்பு பார்த்தவர்கள், கடன் வாங்கி காகிதம் வாங்கியவர்கள், நடு ராத்திரியில் பத்துப் பேருக்குத் தேநீர் போட்டவர்கள் பெயர் எந்த இதழிலும் அச்சானதில்லை; ஆனால் நம்மில் யாரும் அவர்களைக் கொண்டு தம் கட்டுரையை எழுதிக்கொண்டதில்லை என்று நம்புகிறேன்.

கேரிஸின் எழுத்தில் குறையில்லை என்று சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் லகுவாகச் சொல்லிவிடும் சாமர்த்தியம் அவருக்குச் சில இடங்களில் பகை. வேடிக்கை அதிகமாகி, பயணம் உல்லாசப் பயணம்போல் ஆகிவிடுகிறது. மூடிய காருக்குள் 23 வயதும் 51 வயதும் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்ததன் உராய்வு 1940 நூலில் கிட்டத்தட்ட இல்லை. அது தெரிய 1941 வரை காத்திருக்க வேண்டும். விட்மனின் கவிதைத் தொகுதிக்குப் படங்கள் எடுக்க அவர்கள் நாட்டின் மறுகோடிவரை போனார்கள். அதே முக்காலி, அதே முறை. ஆனால் முதல் பயணத்தின் நட்பு இல்லை. டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட, வீட்டுக்குத் திரும்பும் அவசரம் வந்தது. 1946-ல் விவாகரத்து. வெஸ்டனைப் பார்கின்ஸன் நோய் பற்றியது. 1948-ல் பாய்ண்ட் லோபோஸில் கடைசி நெகடிவ். 1958 ஜனவரி 1-ல் மரணம்.

கேரிஸ் 2009 வரை இருந்தார். 1998-ல், தம் 84-ஆம் வயதில், அந்த வருஷங்களைப் பற்றிய நினைவு நூலை வெளியிட்டார். எடிஸா ஏரிக் கொசுவும், ஆடம்ஸின் யோஸமிட்டி இருட்டறை தீப்பிடித்த ராத்திரியும், காருக்குள் இருந்த மௌனங்களும் இம்முறை மழுப்பல் இல்லாமல் வருகின்றன. ‘எட்வர்ட் வெஸ்டனுடன் என் வருஷங்கள்’ என்பது அதன் துணைத்தலைப்பு. இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்து, ஒரே சம்பவம் இரண்டிலும் எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். அது தனிக் கட்டுரை. பக்கம் இருந்தால் அடுத்த இதழில்.