விதியும் உயிரும்: 'பாய்ட்ஸ்' நிரல் குறித்து

குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருதுக் கூட்டம் இறங்கி வருவதைக் கண்டவர்களுக்கு ஒரு வியப்புத் தோன்றாமல் இராது. ஏவுவார் எவருமின்றி, அத்தனை பெரிய உடல்கள் ஒன்றோடொன்று மோதாமலும் பிரிந்து போகாமலும் நகர்கின்றன. இவ்வொழுங்கு எங்கிருந்து பிறக்கிறது?

இவ்வினாவுக்குக் கணினி வழியே கிடைத்த விடைகளுள் புகழ்பெற்றது, அமெரிக்கரான கிரெய்க் ரெனால்ட்ஸ் 1986இல் உருவாக்கி 1987இல் வெளியிட்ட 'பாய்ட்ஸ்' என்னும் நிரலாகும். திரையில் பறக்கும் உருவங்களுக்கு அவர் இட்ட விதிகள் மூன்றே. அண்டையில் உள்ளவற்றோடு மோதாதிருத்தல். அவை செல்லும் திசையிலேயே செல்லுதல். அவற்றின் நடுவை நோக்கி நகர்தல். தலைமைப் பறவை இல்லை. முன்கூட்டி வரைந்த பாதையும் இல்லை. ஆயினும் ஒரு கூட்டம் பிறக்கிறது. தடையைக் கண்டு பிளந்து, கடந்தபின் இணைகிறது. 1992இல் வெளிவந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' திரைப்படத்தின் வௌவால் கூட்டம் இம்முறையில் அமைந்ததே. 'செயற்கை உயிர்' என்ற பெயரில் கிறிஸ்டோபர் லாங்டன் லாஸ் அலமோஸில் அறிஞர்களைக் கூட்டியதும் அதே 1987இல்தான்.

இந்நிரலின் எளிமை அழகியது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதிலிருந்து பெறப்படும் முடிவிலேயே நாம் மாறுபடுகிறோம். ஒரு கூட்டத்தைத் தோற்றுவிக்க இவ்விதிகள் போதும் என்பது ஒன்று. பறவைகள் இவ்விதிகளின்படியே பறக்கின்றன என்பது முற்றிலும் வேறொன்று. முன்னதை நிரல் காட்டிவிட்டது. பின்னதைக் காட்ட வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தவர்களும் உண்டு. ரோம் நகரில் மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் கூட்டங்களைப் பல கோணங்களில் படம்பிடித்து ஆராய்ந்தோர், 2008இல் தம் முடிவை வெளியிட்டனர். நிரலில் ஒவ்வோர் உருவமும் குறித்த தொலைவுக்குள் இருப்பவற்றையெல்லாம் கவனிக்கிறது. உண்மைப் பறவையோ, தொலைவு எவ்வளவாயினும், தனக்கு நெருங்கிய ஆறேழு பறவைகளையே கவனிக்கிறது. வல்லூறு பாய்ந்து கூட்டம் சிதறும்போதும் உறவு அறுபடாதிருப்பதற்கு இதுவே காரணம் என்பது அவர்கள் விளக்கம். இருபதாண்டுகள் கண்ணுக்கு மெய்யாகத் தோன்றியது, அளந்தபோது வேறாயிற்று.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் அந்தலூசிய மருத்துவர் இப்னு துபைல் தம் 'ஹை இப்னு யக்ளான்' நூலில் இத்தகைய தேடலொன்றைக் காட்டுகிறார். தன்னை வளர்த்த மான் இறந்ததும், குறையைக் கண்டு நீக்கலாமென்று ஹை அதன் மார்பைப் பிளக்கிறான். இதயத்தின் ஓர் அறை வெறுமையாயிருக்கிறது. தான் நேசித்தது அவ்வுடலை அன்று, அதிலிருந்து நீங்கியதையே என உணர்கிறான். உறுப்புகள் அனைத்தும் கையிலிருந்தும் அவனுக்கு உயிர் அகப்படவில்லை. ஆனால் அது இல்லாததை அவன் மறைக்கவுமில்லை.

அந்த நேர்மையையே நிரல் எழுதுவோரிடம் நாம் வேண்டுகிறோம். காட்டெருதுகளைத் திரைப் புள்ளிகளாக்கி, வேலி எங்கே, வழி எங்கே என்று எவரேனும் தீர்மானிக்க முற்படின், அப்புள்ளிகளுக்குப் பசியில்லை, கன்றில்லை, அச்சமில்லை என்பதையும் அவர் உடன் சொல்லியாக வேண்டும். விலங்குகளையும் சமுதாயங்களாகக் கருதப் பயின்ற நமக்கு, நிரல் நல்ல வினாவாகலாம். விடை தேயிலைச் சரிவில் மேய்ந்துகொண்டிருக்கிறது.