பிரெஞ்சுப் பீங்கானில் சீனச் சித்திரம்

18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பூச்சாடியில் குடைபிடித்து நிற்கும் சீன மாதின் அழகை எடைபோட, அவள் உருவத்துக்கு முன் சாடியின் மண்ணைப் பார்க்க வேண்டும். இந்தக் கலையின் தரமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

கெட்டிப் பீங்கானுக்கு வேண்டிய கயோலின் களிமண் பிரான்சில் லிமோஜ் அருகே 1768 வாக்கில்தான் கிடைத்தது. அதுவரை பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் செய்தது மென்பீங்கான். கண்ணாடிக் கலவையை அரைத்து வெண்களிமண்ணோடு பிசைந்தது. சூளையில் கோணும், சரியும், சேதாரம் மிகுதி. ஆனால் வண்ணம் தீட்டியபின் செய்யும் மறுசூட்டில் அதன் மெருகு இளகி வண்ணத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் குழைவுக்கு ஈடே இல்லை.

முன்னோடியான சேன்-குளூ பட்டறை தொடக்கத்தில் பெரும்பாலும் நீலத்தோடு நின்றது. ஷாந்தீயி பட்டறை வேறு வகை. அதன் புரவலரான கோந்தே இளவரசர் ஜப்பானியக் காகியெமோன் பீங்கான்களைச் சேர்த்தவர். ஆகவே அங்கே ‘சீனம்’ என்று தீட்டியதில் பெரும்பகுதி ஜப்பான்தான். பால்வெள்ளை வெள்ளீய மெருகில் ஒரு கிளை, ஒரு பறவை, மீதி வெற்றிடம். அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

உச்சம் செவ்ரில்தான். வென்சேனில் 1740இல் தொடங்கி 1756இல் செவ்ருக்கு இடம்பெயர்ந்த பட்டறையை 1759இல் பதினைந்தாம் லூயி மன்னரே வாங்கினார். அங்கே சார்ல்-நிக்கோலா தொதேன் 1760களின் தொடக்கத்தில் தீட்டிய சீனக் காட்சிகளை மிஞ்ச ஆளில்லை. அவர் தீட்டியதாகக் கருதப்படும் நறுமணச் சாடி ஒன்று லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒருகாலத்தில் அது மன்னரின் காதலியான மதாம் தெ பொம்பதூரின் பாரிஸ் மாளிகையில் இருந்தது. இளஞ்சிவப்பு, பச்சை, கருநீலம் மூன்றும் ஒரே உடலில். சற்றுத் தவறினாலும் கண் கூசும் சேர்க்கை அது. நடுவே விட்ட வெண்பரப்பில் மனிதர்கள் அவசரமின்றி இருக்கிறார்கள்; தங்கக் கோடு வண்ணங்களைக் கட்டிநிறுத்துகிறது.

கயோலின் வந்தபின் உடல் கெட்டிப்பட்டது; வண்ணம் மெருகின் மேலேயே தங்கியது. செவ்ர் அதையும் வசப்படுத்தியது. 1790களின் தொடக்கத்தில் கறுப்புப் பரப்பில் தங்கமும் பிளாட்டினமும் கொண்டு அரக்குப் பலகை போலவே சீனக் காட்சிகளைத் தீட்டினார்கள். வெள்ளிக்குப் பதில் பிளாட்டினம், ஏனெனில் வெள்ளி கறுக்கும், பிளாட்டினம் கறுக்காது.

19ஆம் நூற்றாண்டில் பீங்கான் உற்பத்தியாளர் ஜாக்கோப் பெத்தி சீன உருவங்களை ஆடம்பரமாக்கினார். 1845இல் தொடங்கிய சாம்சன் நிறுவனம் பழம்பாணிகளை நகலெடுத்தது. கைத்திறன் உண்டு, ஆனால் கெட்டிப் பீங்கானில் மென்பீங்கானின் குழைவு வராது.

செவ்ரின் அடையாளமான, பின்னிய இரண்டு ‘எல்’ முத்திரையை மட்டும் நம்பக் கூடாது, யாரும் போடலாம். உடல் அசலாக இருந்தாலும் போதாது. 1800க்குப் பின் செவ்ர் தன் பழைய வெள்ளைச் சரக்கை விற்றுத் தீர்த்தது. வெளியார் அதன்மேல் புதிதாகத் தீட்டிப் பழையதென்று விற்றார்கள். அத்தகைய சாடிகளில் மறுசூட்டின்போது மெருகில் கரும்புள்ளிகள் தோன்றியிருப்பதுண்டு. வாங்குமுன் பூதக்கண்ணாடியில் அவற்றைத் தேட வேண்டும்.